ஓச்சிவரோங்கோவில் ஒரு பழைய மௌசர்

நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து பி1 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் சென்றால் ஓச்சிவரோங்கோ வருகிறது. ஒக்கஹாண்ட்ஜாவைக் கடந்த பிறகு சாலையின் இருபுறமும் கம்பிவேலியும் அதற்கப்பால் முட்புதரும் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. முழந்தாளிட்டுப் புல் மேய்ந்துகொண்டிருந்த வார்ட்ஹாக் பன்றிகள் மட்டும் எங்கள் வண்டிச் சத்தத்துக்கு வாலைக் கொடிக்கம்பம் போல நிமிர்த்திக்கொண்டு ஓடின. ஜோகன்னஸ்பர்க்கில் என்னோடு பணிபுரியும் நண்பருடைய மாமனாரின் பண்ணை அங்கிருக்கிறது. அவர் பதிவு பெற்ற வேட்டை வழிகாட்டி. எழுபதைத் தாண்டியவர். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பெரியவர்களை 'ஊம்' என்று அழைப்பது, நம் ஊரில் 'மாமா' என்பதைப் போன்றது. ஆகையால் அவரை நான் அழைத்தபோதெல்லாம் யாரோ கதை சொல்ல நான் ஊம் கொட்டுவதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று மாலை, காப்பி குடித்து முடித்த கையோடு, அவர் என்னைப் பின்னறைக்கு அழைத்துச் சென்று இரும்புப் பெட்டகத்தைத் திறந்தார். உள்ளே நான்கு ரைஃபிள்கள் நின்றன, ஒவ்வொன்றுக்கும் அது ஏற்கும் தோட்டாவின் பெயரே பெயர். ".243 சின்ன மான்களுக்கு. மற்ற மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்," என்றார். ஒன்று 7×57 மௌசர், ஒன்று .30-06, ஒன்று .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட். நான் சுட வந்திருந்தது ஓரிக்ஸ். இருநூறு கிலோவுக்கு மேல் எடை வரும், ஈட்டிபோல் நேராக நீண்ட கொம்புகளை உடைய மான் வகை.

எனக்குச் சொந்தமாகத் துப்பாக்கி கிடையாது. தென்னாப்பிரிக்காவில் உரிமம் பெறக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். என்னிடம் இருப்பது வேலை விசா. இரண்டு ஆண்டுகளாகச் சுடுதளத்தில் வாடகை .308-ஐக் கொண்டு பயிற்சி செய்ததே என் அனுபவம் முழுவதும். அதற்கு முன் நான் தொட்டிருந்த ஒரே துப்பாக்கி, கொடைக்கானல் கீழ்மலைக் காப்பித் தோட்டத்தில் என் தாத்தா வைத்திருந்த ஒற்றைக் குழல் துப்பாக்கி. தேர்தல் அறிவித்தவுடன் அதைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவதும், தேர்தல் முடிந்தபின் போய் மீட்டு வருவதும்தான் அவருக்கும் அதற்கும் எஞ்சியிருந்த உறவு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பிறந்த என் போன்றவர்களுக்கு, வேட்டை ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பது என்பது காகிதத்தில் படித்த விஷயம் மட்டுமே.

ஆனால் காகிதத்தில் நிறையவே படித்திருந்தேன். நமீபியச் சட்டம் இதில் தெளிவானது. குழல் விட்டத்தைவிட, குண்டு குழல்முனையை விட்டு வெளியேறும்போது சுமந்து செல்லும் ஆற்றலையே அது கணக்கில் கொள்கிறது. ஸ்பிரிங்பாக் போன்ற சிறிய மான்களுக்குக் குறைந்தது 1,350 ஜூல். ஓரிக்ஸ், கூடு, எலண்ட் ஆகிய பெரிய மான்களுக்கு 2,700 ஜூல். எருமைக்கும் யானைக்கும் 5,400 ஜூல். கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். .243-இன் ஆறரை கிராம் குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் சென்றாலும் 2,600 சொச்சம் ஜூல்தான் வருகிறது. மயிரிழையில் ஓரிக்ஸுக்குத் தகுதி இழக்கிறது. .30-06-இன் 180 கிரெய்ன் குண்டு, அதாவது பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேற்பட்டது, ஏறக்குறைய 3,900 ஜூல் தருகிறது. .375-இன் 300 கிரெய்ன் குண்டோ 5,700-ஐத் தாண்டுகிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த எவருக்கும் தோன்றும் ஆசைதான் எனக்கும் தோன்றியது. 2,700 போதுமென்றால் 5,700 இன்னும் நல்லதல்லவா? .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் வெளிவந்தது. நூறாண்டுகளுக்கு மேலாக ஆப்பிரிக்காவில் மதிப்புக் குறையாத தோட்டா. அபாயகரமான விலங்குகளுக்கு அதுவே குறைந்தபட்ச அளவென்று இக்கண்டத்து நாடுகள் பலவற்றில் விதி இருக்கிறது. கொஞ்சம் கௌரவ ஆசையும் இதில் கலந்திருந்தது என்பதை மறைக்கவில்லை. நான் .375-ஐக் கையில் எடுத்தேன். ஊம் மறுப்பேதும் சொல்லாமல் ஒரு பெட்டித் தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை வீட்டின் பின்னால், வறண்ட ஆற்றுப்படுகைக் கரையில் நூறு மீட்டர் தொலைவில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்தார். முதல் குண்டு குறியை ஒட்டி மேலே விழுந்தது. தோளில் யாரோ கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. இரண்டாவது இடப்புறம் தள்ளிப் போயிற்று. மூன்றாவது கீழே. நான்காவது அட்டையிலேயே படவில்லை. அவர் ரைஃபிளை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுத்துத் தள்ளி, "இன்னொன்று," என்று திருப்பிக் கொடுத்தார். நான் மூச்சை விட்டு, விசையை மெல்ல அழுத்தினேன். 'க்ளிக்' என்று ஓர் உலர்ந்த சத்தம் மட்டும் கேட்டது. அதே கணத்தில் குழல்முனை ஒரு சாண் கீழே குனிந்து நின்றதை நானே பார்த்தேன். பின்னுதைப்பை எதிர்பார்த்து என் உடம்பு தானாகவே முன்னுக்குத் தள்ளியிருந்தது; கண்களையும் இறுக மூடியிருந்தேனாம். அவர் தோட்டாவே போடவில்லை.

"இது உன்னைச் சுடுகிறது," என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

பின்னுதைப்பைப் பொறுத்தவரை .375-க்கும் .30-06-க்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே அடுத்து .30-06-ஐ எடுத்தேன். 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான தோட்டா அது. தோட்டா தீர்ந்துபோனால் எந்தச் சிறுநகரக் கடையிலும் வாங்கலாம் என்பது தொலைதூரப் பயணிக்கு அற்பமான காரணமன்று. குண்டுகளும் நன்றாகவே விழுந்தன. ஆனால் ஒவ்வொரு முறை தோளுக்கு ஏற்றும்போதும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் ஓரத்தில் ஒரு கரிய பிறை தெரிந்தது. கழுத்தை நீட்டி முகத்தை முன்னே தள்ளினால்தான் அது மறைந்தது. காரணம் எளியது. ஊம் ஆறடி நான்கு அங்குலம். தோளில் பொருந்தும் அடிக்கட்டை அவர் கைநீளத்துக்கு அளந்து செய்தது. நான் ஐந்தடி ஐந்து. மேசையில் சாய்ந்து நிதானமாகச் சுடும்போது இதைச் சமாளிக்கலாம். மூன்று கால் தாங்கியின் மேல் அவசரமாக வைத்துச் சுட வேண்டிய புதர்க்காட்டில் அந்தப் பிறையே வேட்டையைக் கெடுத்துவிடும். ரைஃபிள் வாங்க நினைப்பவர்கள் குழல் விட்ட அளவான காலிபரைப் பற்றி ஆறு மாதம் விவாதித்துவிட்டு, அடிக்கட்டையின் நீளத்தை ஆறு நொடிகூட யோசிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். அப்படி யோசிக்காதவர்களில் நானும் ஒருவன்.

மிஞ்சியது 7×57. ஊமின் தாத்தாவுடையது, 1898 மாதிரி மௌசர் போல்ட்டின் மேல் வேட்டைக்கென்று கட்டப்பட்டது. தாத்தா குள்ளமானவர் போலும். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றித் திறந்தபோது, ஸ்கோப்பின் குறுக்குக் கோடுகள் வட்டத்தின் நடுவில் தெளிவாக நின்றன. நான்கு மடங்கு மட்டுமே பெருக்கிக் காட்டும் பழைய ஸ்கோப். போல்ட்டை இழுத்தால் எண்ணெய் பூசிய தாழ்ப்பாள் போல வழுக்கிக்கொண்டு வரும். அதன் பக்கவாட்டில் உள்ள நீண்ட நகம் போன்ற பற்றி, தோட்டா பெட்டியிலிருந்து மேலெழும்போதே அதன் விளிம்பைக் கவ்விக்கொள்கிறது; குழலுக்குள் தள்ளும் வரையிலும், சுட்ட பிறகு வெறுங்கூட்டை வெளியே எறியும் வரையிலும் பிடியை விடுவதில்லை. பதற்றத்தில் பாதி தள்ளிப் பாதி இழுத்தாலும் தோட்டா சிக்கிக்கொள்ளாது. பெரிய விலங்கை எதிர்கொள்பவர்கள் இந்த அமைப்பை இன்றும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். நூறு மீட்டரில் நான் சுட்ட மூன்று குண்டுகளையும் ஒரு தீப்பெட்டியால் மறைக்க முடியவில்லை. ஆனால் என் உள்ளங்கையால் மறைக்க முடிந்தது. எனக்கு அது போதும்.

இந்தத் தோட்டாவின் வரலாறு இந்த மண்ணோடு பின்னியது. 1890-களில் ஜெர்மனியில் பிறந்தது. 1899 முதல் 1902 வரை நடந்த போரில் தென்னாப்பிரிக்காவின் டச்சு வம்சாவளியினரான போயர்கள் ஆங்கிலேயர்களை எதிர்த்து ஏந்திய மௌசர்களில் பாய்ந்தது இதுவே. அதில் நொந்த ஆங்கிலேயர்களே பின்னர் இதை .275 ரிக்பி என்று பெயர் மாற்றித் தமதாக்கிக்கொண்டார்கள். 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக, ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹியூவெட் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வழங்கிய ரைஃபிள் இந்த .275-தான். யானை வேட்டைக்காரர் 'கரமோஜோ' பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். அவற்றில் பெரும்பாலானவை இந்தச் சிறிய தோட்டாவுக்கே விழுந்தன. ஆனால் பெல்லை எடுத்துக்காட்டாகக் கொண்டு சிறிய தோட்டாவுக்கு வாதாடுபவர்களை நான் நம்புவதில்லை. யானை மண்டையோட்டைக் குறுக்காக அறுத்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர் அவர். தகர்ந்துபோகாத முழுக்கவசக் குண்டைப் பயன்படுத்தியவர். அவர் காலத்தில் நடந்ததை இன்று சட்டமும் அனுமதிப்பதில்லை. எனக்கு வேண்டியிருந்தது 2,700 ஜூல். ஊம் தாமே அடைத்து வைத்திருந்த தோட்டாக்களில் 175 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 740 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, 3,100 ஜூல்.

அந்த வேகம் குறைவு என்று நான் தயங்கியபோது, அவர் தாழ்வாரத்திலிருந்து கையை நீட்டி வெளியே காட்டினார். நூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மேய்ச்சல் நிலத்தைப் பல பத்தாண்டுகளாகக் கருமுள் புதர்கள் விழுங்கிவருவது இந்த வட்டாரத்தின் பெருந்தொல்லை. தெற்கே கலஹாரியின் திறந்த வெளியில் 250 மீட்டரில் சுட வேண்டுமென்றால் தட்டையாகப் பாயும் .300 மேக்னத்தைத்தான் அவரே கொடுத்திருப்பாராம். இங்கே 100 மீட்டரில் எல்லாக் குண்டும் தட்டைதான். கனமான, மெதுவான குண்டு சுள்ளிகளை உடைத்துக்கொண்டு நேராகப் போகும் என்று நான் படித்திருந்ததையும் அவர் ஏற்கவில்லை. எந்தக் குண்டும் குச்சியில் பட்டால் திசை மாறும் என்றார். ஆகவே குச்சி இல்லாத இடைவெளி கிடைக்கும் வரை சுடக்கூடாது.

அவர் அதிகம் பேசியது ரைஃபிளைப் பற்றியன்று, குண்டைப் பற்றித்தான். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேறு காய்ந்து அப்பிய ஒரு மூஸ் மானின் மேல் தம் குண்டுகள் ஊடுருவாமல் சிதறிப்போனதைக் கண்டு, ஜான் நாஸ்லர் என்பவர் புதுவகைக் குண்டொன்றைச் செய்தார். உள்ளே இரண்டு ஈய அறைகள். நடுவில் செம்புக் கலப்புச் சுவர். முன்னறை பட்டவுடன் காளான்போல விரியும். பின்னறை சுவருக்குப் பின்னால் உருக்குலையாமல் இருந்து அதை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். ஊம் அடைத்திருந்தது அந்த வகைக் குண்டு. ஓரிக்ஸின் தோளிலும் கழுத்திலும் தோல் மிகத் தடித்தது. இதயமோ மார்பின் அடியில், முன்னங்கால்களுக்கு இடையில் தாழ்ந்து இருக்கிறது. பார்வைக்கு நல்ல இடமாகத் தோன்றும் விலா நடுவில் சுட்டால், பகல் முழுவதும் தடம் பிடித்து நடக்க வேண்டியதுதான். முன்னங்காலின் கோட்டிலேயே மேலேறி, உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் குறிவைக்க வேண்டும். அதாவது குண்டு தோளெலும்பைக் கடந்தாக வேண்டும்.

அன்றிரவு படுக்கும் முன், வெற்றுக் குழலோடு சுவரில் ஒரு ஆணியைக் குறிபார்த்து நாற்பது ஐம்பது முறை விசையை அழுத்திப் பழகினேன். விசையில் முதலில் சற்றே தளர்ந்த இழுப்பு. பின் ஒரு தடை. அதன்பின் கண்ணாடி உடைவதுபோல் விடுபடும். எத்தனையாவது முறையில் என்று தெரியவில்லை, விரல் அந்தத் தடையில் தானாகவே நிற்கத் தொடங்கியது.

முதல் நாள் சுடவில்லை. விடியற்காலையில் ரைஃபிளின் இரும்பு விரலில் ஒட்டிக்கொள்ளும் குளிர். தமாரா மொழி பேசும் தடம் காணும் பெரியவர் முன்னே நடக்க, ஊமும் நானும் காற்றுக்கு எதிராக நடந்தோம். இரண்டு முறை ஓரிக்ஸ் தென்பட்டது. ஒரு முறை மார்பின் குறுக்கே விரல் பருமனில் ஒரு கிளை இருந்தது, இன்னொரு முறை அது பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. தாங்கியில் வைத்த ரைஃபிளை இரண்டு முறையும் எடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை எட்டரை மணி அளவில், உப்புக்கட்டி வைத்த இடத்துக்கு அருகில் தனி ஆண் ஒன்று நின்றிருந்தது. தடம் காணும் பெரியவர் தாங்கியை ஊன்றிவிட்டு விலகினார். ஸ்கோப்பில் பிறை இல்லை. முதலில் அது எங்களை நோக்கியே நின்றது. பின் தலையைத் தாழ்த்தி ஓர் அடி எடுத்து வைத்தபோது தோள் முழுவதும் திறந்தது. முன்னங்கால் கோட்டில் ஏறினேன். விரல் தடையில் நின்றது. வெடிச்சத்தம் எனக்குக் கேட்டதாகவே நினைவில்லை. ஆனால் விலங்கு முன்புறம் குழைந்து பின் பாய்ந்ததைக் கண் மூடாமல் பார்த்தேன். என்னை அறியாமலே போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றியிருந்தேன். ஊம் தலையை மட்டும் அசைத்தார்.

பெரியவர் மணலில் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிக் காட்டினார். இளஞ்சிவப்பாக, நுரைத்த இரத்தம். நுரையீரல். அவர் முன்னே போக, பின்புறமாகவே அணுகினோம். சாய்ந்து கிடக்கும் ஓரிக்ஸின் கொம்பு வீச்சுக்குள் முன்பக்கமாகப் போகக்கூடாது. அது முடிந்துபோயிருந்தது.

பிற்பகலில் உரிப்புக் கொட்டகையில், மறுபக்கத் தோலுக்கு அடியில் ஒரு கட்டிபோல் தட்டுப்பட்டதைக் கத்திமுனையால் கீறி எடுத்தார் பெரியவர். கழுவிப் பார்த்தால், முன்பகுதி மலர்ந்து, அடிப்பகுதி புதிது போலவே இருந்தது. ஊம் அதை வெடிமருந்து நிறுக்கும் தராசில் வைத்தார். 175-இல் 121 கிரெய்ன் எஞ்சியிருந்தது. அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த ஒரு குறிப்பேட்டை எடுத்து, பென்சிலால் தேதியையும் தோட்டாவையும் எடையையும் எழுதினார். சுட்ட தூரம், 88 மீட்டர். அதற்கடுத்த பத்தி, ஓடிய தூரம். ஐம்பது இருக்கலாம் என்றேன். அவர் என்னைப் பொருட்படுத்தாமல் பெரியவரைப் பார்த்தார். கத்தியைத் துடைத்துக்கொண்டே, "63 தப்படி," என்றார் அவர். ஊம் அதையே எழுதினார்.