இரண்டாவது பானை

1977ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு காலை, அப்பாவும் நானும் மண்முனைப் பாதையில், அதாவது ஆளேற்றும் மிதவையில், வாவியைக் கடந்தோம். அப்பாவின் தோளில் ஒரு மூட்டை அரிசி. என் கையில் ஒரு முட்டித் தயிர். அக்கரையில் பஸ் ஏறி, காத்தான்குடி தாண்டி, கல்லடிப் பாலம் தாண்டி, மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் இறங்கினோம். மெதடிஸ்த மத்திய கல்லூரியில் ஆறாம் வகுப்பில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. தங்க இடம் வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் சொன்ன வீட்டைத் தேடிப் போனோம்.

அந்த வீட்டுக்காரி ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மெதடிஸ்த கிறிஸ்தவர். நாங்களோ கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்கு வடம் பிடிக்கிற குடும்பம். அம்மா சொல்லி அனுப்பிய ஒரே நிபந்தனையை அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வெள்ளிக்கிழமையில மட்டும் பொடியனுக்கு மச்சம் வேணாமாம்." மச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் மீன், இறைச்சி. வீட்டுக்காரி முகம் கோணாமல், "அதுக்கு நான் வேற சட்டி வெச்சுக்கிறன், நீங்க யோசியாதீங்க" என்றார். அன்று முதல் எனக்கு அவர் ரீச்சர் மாமி. அப்பா திரும்பும்போது மாமி அரிசிச் சாக்கை வெறுமையாக விடவில்லை. முற்றத்து முருங்கைக்காயையும் நான்கு தேங்காயையும் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

அடுப்படியில் இரண்டு மண்பானைகள் இருந்தன. உலை வைக்குமுன் மாமி அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து முதல் பானையில் போடுவார். அது சபைக்கான பிடியரிசி. சபைக் குடும்பங்களில் அந்த வழக்கம் இருந்தது. மாமி இன்னொரு பிடி எடுத்து இரண்டாவது பானையிலும் போடுவார். அது யாருக்கு என்று கேட்டேன். "வாறவனுக்கு மனே" என்றார். எவன் வருவான் என்று மறுகாவும் கேட்டேன். "அது தெரிஞ்சா ஏன் பானை?"

வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆளைக் காட்ட வந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், கச்சேரியில் (அரச அலுவலகத்தில்) கையெழுத்துக்காக இரண்டாம் நாளும் காத்துக் கிடந்தவர்கள், சோதனை எழுத வந்த வாகரைப் பிள்ளைகள். மாமியின் ஓய்வூதியம் பெரிதல்ல. ஒரு மாதம் மண்ணெண்ணெய்க்குக்கூடக் கணக்குப் பார்த்ததைக் கண்டிருக்கிறேன். ஆனாலும் வந்தவர் போன பின் "இவங்களுக்கு வேற வேலை இல்ல" என்ற ஒரு சொல்லை அந்த வீட்டில் நான் கேட்டதில்லை. கடைசியாகச் சாப்பிடுபவர் எப்போதும் அவர்தான். அப்போது சட்டியில் என்ன மிஞ்சியிருந்தது என்று ஏழு வருடத்தில் ஒரு நாளும் நான் எட்டிப் பார்க்கவில்லை. அதை நினைக்க இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. அந்த இரவைப் பற்றி நம் கல்லூரி மலரில் பலர் எழுதியிருப்பார்கள். 900க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன சூறாவளி. எனக்கு நினைவில் நிற்பது கதவு. காற்று ஏறிய நேரத்தில் எல்லா வீடுகளும் கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டன. மாமியின் வீட்டுக் கதவு மட்டும் திறந்து திறந்து மூடியது. வாவிக் கரையோரக் கிடுகு வீட்டுச் சனம் ஒவ்வொரு குடும்பமாக வந்து தட்டியது. ஒவ்வொரு முறையும் மூன்று பேர் தோள் கொடுத்தால்தான் கதவை மறுபடி சாத்த முடிந்தது. பின்பக்கத்து ஓடுகள் பறந்தன. நடு அறையில் இருபதுக்கும் மேற்பட்டோர் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தோம்.

அவர்களில் ஒருவர் காத்தான்குடிப் புடவை வியாபாரி. சைக்கிளில் கட்டி வந்த பொதியோடு ஒதுங்கியவர். நள்ளிரவில் அவர் எதுவும் பேசாமல் பொதியை அவிழ்த்தார். விற்க வைத்திருந்த சாரங்களை எடுத்து ஒவ்வொருவருக்காகப் போர்த்தினார். மாமி அவரைத் தடுக்கவில்லை, காசு பற்றியும் பேசவில்லை. "குழந்தைகளுக்கு முதல் குடுங்க நானா" என்றார், அவ்வளவுதான். வந்தவரிடமிருந்து வாங்கவும் மனம் வேண்டும் என்பதை அன்றுதான் கண்டேன். கொடுத்தே பழகிய கைகளுக்கு அது எளிதல்ல.

விடிந்தது. ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னை எதுவும் கண்ணில் படவில்லை. அளந்து சமைக்கிற அரிசி முழுக்க நனைந்து மண்ணோடு கிடந்தது. மூடியிருந்த அந்த இரண்டாவது பானை தப்பியிருந்தது. விழுந்த குரும்பைகளுக்கு நடுவே தேங்காய் பொறுக்கினோம். முற்றத்தில் கல் வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். கருவாடு கொஞ்சம் இருந்தது, சுட்டார்கள். அந்த மணத்துக்கு என் வயிறு எரிந்தது. நான் கையை நீட்டினேன். மாமி சிரட்டையை எட்டி எடுத்தார். "உனக்கு வேற இரிக்கி மனே. இண்டைக்கு வெள்ளி."

அத்தனை பேரும் பசித்திருந்த காலை. கூரை பாதி இல்லை. எனக்கே கிழமை மறந்துவிட்டது. நானும் பசியில், "பரவால்ல மாமி, தின்னுறன்" என்றேன். "உன்ட அம்மாவுக்குச் சொல்லியிரிக்கன்" என்று தேங்காய்த் துண்டையும் ஒரு பச்சை மிளகாயையும் கஞ்சிச் சிரட்டைக்குள் போட்டுத் தந்தார்.

என்னை மதம் மாற்றும்படி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. திருநீறு பூசிக்கொண்டுதான் அவருடைய சாப்பாட்டு ஜெபத்துக்குத் தலை குனிந்தேன், இன்றும் சைவனாகவே இருக்கிறேன். பல வருடங்கள் கழித்து, ரொறன்ரோவில் ஒரு நண்பரின் வீட்டு ஜெபக் கூட்டத்தில் பேதுருவின் முதலாம் நிருபம் வாசித்தார்கள்: "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்." உபசரிக்கச் சொல்லும் வசனம் ரோமர் நிருபத்திலும் உண்டு, எபிரெயர் நிருபத்திலும் உண்டு. இங்கே முன்னால் நிற்கிற அந்த ஒரு சொல்லில் மாமியின் முகம் தெரிந்தது. அந்த நிருபம், ஊர்விட்டுச் சிதறிப்போன பரதேசிகளுக்கு எழுதப்பட்டது என்றும் அன்று சொன்னார்கள். எங்களுக்கே எழுதியது போல இருந்தது. மண்டபம் எடுத்து, இருநூறு பேருக்கு ஓடர் கொடுத்து விருந்து வைக்க இங்கே நமக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று வந்திறங்கிய ஒரு பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டு வைத்து, அதை ஒரு கஷ்டமான நாளிலும் ஞாபகம் வைத்திருப்பது வேறு வேலை.

நம் கல்லூரியின் கதையும் ஒரு வந்தவரிலிருந்தே தொடங்குகிறது. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கியபோது, உடன் புறப்பட்ட மனைவியைக் கடல் பயணத்திலேயே இழந்திருந்தார். அடுத்த வருடம் ஏப்ரலில் அவரும் இங்கேயே கண்மூடினார். அந்தச் சில மாதங்களில் அவர் தொடங்கி வைத்த பள்ளியில்தான் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பிள்ளை எனக்கும் உட்கார ஒரு வாங்கு கிடைத்தது.

1984இல் நான் கொழும்புக்குப் புறப்பட்டேன். பயமான காலம். ஸ்டேசனுக்கு மாமி நடந்தே வந்தார். வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல்கள் இரண்டு தந்தார். இரண்டையும் நான் தின்ன மாட்டேன் என்றேன். "மத்தது உனக்கில்ல. பக்கத்தில ஒருத்தன் பாத்துக்கொண்டிரிக்க நீ தனியத் தின்னப்படாது."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஒரு வயதான சிங்களவர். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. வெலிக்கந்தை தாண்டும்வரை அந்தப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு நீட்டினேன். அவர் என்னையும் பார்சலையும் மாறி மாறிப் பார்த்தார், வாங்கினார், ஒரு சோறு சிந்தாமல் சாப்பிட்டார். பொலன்னறுவையில் இறங்க எழுந்தவர், மடித்த இலையைத் தொட்டுக் காட்டி ஒரே ஒரு சொல் கேட்டார். அது இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

"அம்மா?"

ஓம் என்று தலையாட்டினேன்.