காட்சிப் பட்டியலில் பெயரடைக்கு இடமில்லை

ஜெர்மனியில் ஒரு திரைப்பட ஆவணக் காப்பகத்தில், பழைய செய்திப்படங்களுக்குக் காட்சிப் பட்டியல் எழுதும் வேலையில் சேர்ந்தேன். என் மேசைக்கு வந்த முதல் பெரிய பணி, போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தில் 1945 டிசம்பர் 11 அன்று திரையிடப்பட்ட ‘நாஜித் திட்டம்’ என்ற தொகுப்புப் படம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில், வழக்குத் தொடுத்த அமெரிக்கத் தரப்பு தானாக எடுத்த காட்சி ஒன்றுகூட இல்லை. கட்சி மாநாடுகள், கொடியேற்றங்கள், புத்தக எரிப்பு, ரைக்ஸ்டாக் என்ற ஜெர்மன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரைகள் என்று நாஜிகள் தங்கள் பெருமைக்காகத் தாங்களே எடுத்துவைத்திருந்த படச்சுருள்களை வெட்டி, கால வரிசைப்படி ஒட்டி, இடையிடையே ஆங்கிலத் தலைப்புகளை மட்டும் சேர்த்திருந்தார்கள்.

முதல் வாரம் எழுதிய பட்டியலை எங்கள் பிரிவின் மூத்த காப்பாளரிடம் கொடுத்தேன். மறுநாள் அது திரும்பி வந்தபோது பாதிச் சொற்கள் அடிக்கப்பட்டிருந்தன. “மக்கள் ஆரவாரத்துடன் வரவேற்கின்றனர்” என்று நான் எழுதியிருந்த இடத்தில், “கூட்டம், வலக்கைகள் உயர்ந்துள்ளன, வாய்கள் திறந்துள்ளன” என்று அவர் மாற்றியிருந்தார். ஆரவாரம் கேட்கிறதே என்று வாதாடினேன். அந்தக் காலச் செய்திப்படங்களில் பெரும்பகுதி ஒலியில்லாமல் எடுக்கப்பட்டு, முழக்கமும் இசையும் பிறகு ஒலிக்கூடத்தில் சேர்க்கப்பட்டவை என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். “நீங்கள் கேட்பது அந்தக் கூட்டத்தின் குரலாகவும் இருக்கலாம், கோயபல்சின் பிரச்சார அமைச்சகத்தின் குரலாகவும் இருக்கலாம். எதுவென்று தெரியாதவரை அதைப் பட்டியலில் ஏற்றாதீர்கள்” என்றார். எனக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் படம்பிடித்தவன் எந்தப் பெயரடையை விரும்பினானோ அதையே, எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து, அவனுக்காக நான் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை மறுக்க முடியவில்லை.

தேதி விஷயத்தில் இதைவிடப் பெரிய தவறு செய்தேன். தொழிலாளர் சேவைப் படையினர் மண்வெட்டிகளைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்து அணிவகுக்கும் ஒரு காட்சித்துண்டு, தொகுப்புக்குத் தொடர்பில்லாத வேறொரு சுருளில் வந்தது. பெட்டியின் மேல் 1934 என்று ஒட்டியிருந்ததை அப்படியே நம்பி எழுதிவிட்டேன். பின்னணியில், நியூரம்பர்க்கில் கட்சி மாநாடுகள் நடந்த செப்பெலின் திடலின் நீண்ட கற்றூண் வரிசை தெரிகிறது. அந்தக் கல்மேடை 1935-க்கும் 1937-க்கும் இடையில் கட்டப்பட்டது. 1934-இல் அதே இடத்தில் நின்றது மரச் சட்டத்தில் அமைத்த பிரம்மாண்டமான கழுகு. நியூரம்பர்க் மாநாடுகளில் ஆண்டுதோறும் அதே சடங்குகள் அதே வரிசையில் நடந்ததால், ஓர் ஆண்டின் சுருளை இன்னோர் ஆண்டின் பெட்டியில் வைத்துவிட்டால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. அதன்பிறகு நான் சிறிய அடையாளங்களைத் தேடப் பழகினேன். ஹிட்லருக்குப் பக்கத்தில், எஸ்.ஏ. என்ற கட்சித் துணைப்படையின் தலைவராக ரோம் நின்றால் அது 1933. அவர் 1934 கோடையில் கொல்லப்பட்ட பிறகு அந்த இடத்தில் அடுத்த தலைவர் லுட்செ நிற்பார். கறுப்பு-வெள்ளை-சிவப்புக் கொடி சுவஸ்திகாவுடன் சேர்ந்து தேசியக் கொடியாகப் பறந்தால், 1935 செப்டம்பரில் சுவஸ்திகா மட்டுமே தேசியக் கொடி என்று சட்டமாவதற்கு முந்தையது.

தேதிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்ற கேள்விக்கு அந்த வழக்கிலேயே விடை இருந்தது. முதல் குற்றச்சாட்டு சதித்திட்டம். ஒருவர் மேடையில் நின்றார் என்று காட்டினால் போதாது. எந்த ஆண்டில், எந்த அறிவிப்புக்கு முன் அல்லது பின் நின்றார் என்பதும் தெரிய வேண்டும். அதனால்தான் அந்தப் படம், கட்சியின் எழுச்சி, அதிகாரத்தைக் கைப்பற்றல், போர் ஆயத்தம், போர் என்று நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. இறுதிப் பகுதியில், 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சியில் சிக்கியவர்களை மக்கள் நீதிமன்றத் தலைவர் ஃபிரைஸ்லர் கத்தி அவமானப்படுத்தும் காட்சி வருகிறது. அவர்களை இழிவுபடுத்திக் காட்டத்தான் அதை எடுத்தார்கள். நியூரம்பர்க் நீதிபதிகள் முன் அது ஓடியபோது, நாஜி நீதிமன்றம் எப்படி இயங்கியது என்பதற்கு அதுவே சாட்சியானது.

படச்சுருள்களைத் தேடித் திரட்டியவர்கள், ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டின் தலைமையில் இருந்த, ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவு அமைப்பின் படப்பிரிவினர். அந்தப் பிரிவைச் சேர்ந்த பட் ஷுல்பெர்க்கும் அவருடைய தம்பி ஸ்டூவர்ட்டும் 1945-இல் மாதக்கணக்கில் அலைந்தார்கள்; சில சேமிப்பிடங்கள் அவர்கள் போய்ச் சேர்வதற்குள் எரிந்துபோயிருந்தன. திரையில் தெரியும் முகங்கள் யாருடையவை என்று சொல்வதற்கு, 1934 நியூரம்பர்க் மாநாட்டைப் படமாக்கிய இயக்குநர் லெனி ரீஃபென்ஸ்டாலையே ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூலிலிருந்து அழைத்துவந்தார் பட். வழிபாடுபோலப் படமெடுத்தவரே முகங்களுக்குப் பெயர் சொல்ல உட்கார்ந்த அந்த அறையைப் பட்டியல் எழுதும் நேரங்களில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர் செய்ததும் நான் செய்வதும் ஏறக்குறைய ஒரே வேலை என்று தோன்றும்போது மனம் அவ்வளவு நிம்மதியாக இருப்பதில்லை.

அந்தத் திரையிடலுக்குப் பன்னிரண்டு நாள்களுக்கு முன், நவம்பர் 29 அன்று, வதைமுகாம்களின் படம் அதே நீதிமன்றத்தில் ஓடியது. இருட்டிலும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் முகங்கள் தெரியும்படி கூண்டில் விளக்குகள் பொருத்தியிருந்தார்கள். ஹிட்லரின் முன்னாள் பொருளாதார அமைச்சர் ஷாக்ட் திரைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். டிசம்பர் 11-இலோ நிலைமை தலைகீழ். சிறை உளவியலாளர் கில்பர்ட்டின் குறிப்புகளின்படி, கோரிங் படத்தை ரசித்தார். ஹிட்லரின் குரலைக் கேட்டு வெளியுறவு அமைச்சராக இருந்த ரிப்பன்ட்ராப் கண் கலங்கினார். மயக்குவதற்காக எடுத்த படம் குற்றவாளிக் கூண்டிலும் தன் வேலையைச் செய்தது என்றே இதைப் படிக்கிறேன். கத்தரித்து, தேதியிட்டு, சான்று எண் இட்ட பிறகும் அந்த மயக்கம் முழுவதும் வடிந்துவிடவில்லை. என் காப்பாளர் பெயரடைகளை ஏன் அவ்வளவு கண்டிப்பாக அடித்தார் என்பது அந்தக் குறிப்பைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இன்றுவரை நான் முடிக்காத பதிவு ஒன்று இருக்கிறது: 1934 மாநாட்டில் ஹிட்லரின் துணைத் தலைவர் ஹெஸ் பேசும் காட்சி. அந்த மாநாட்டு உரைகளில் சில படப்பிடிப்பில் கெட்டுப்போனதால், ஹெஸ், ரோசன்பெர்க், ஸ்ட்ரைக்கர், ஃபிராங்க் ஆகியோர் பெர்லின் ஸ்டூடியோவில் கட்டிய அரங்கில் மறுபடி பேசி நடித்தார்கள் என்று ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஸ்பீர் பின்னாளில் எழுதினார். ஹெஸ் அங்கே இல்லாத ஹிட்லரை நோக்கி அதே உணர்ச்சியோடு பேசியது தன்னை அதிரவைத்தது என்றும் அவர் எழுதியிருக்கிறார். ரீஃபென்ஸ்டால் இந்தக் கதையை மறுத்தார். அந்த நால்வரும் ஸ்பீரும், டிசம்பர் 11 அன்று ஒரே கூண்டில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தவர்கள். சொன்னவர் ஹெஸ், சொற்கள் அவருடையவை. இதில் ஐயமில்லை, வழக்குக்கு அது போதும். எனக்கோ ‘இடம்’ என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதில் “நியூரம்பர்க், மாநாட்டு மண்டபம்” என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, குறிப்புக் கட்டத்தில் ஸ்பீரின் கூற்றையும் ரீஃபென்ஸ்டாலின் மறுப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறேன். காப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, இந்த முறை எதையும் அடிக்காமல் திருப்பித் தந்தார்.