சிவப்பணுச் சவ்வு காறிப்போகும்போது

ஆஸ்பத்திரிச் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதுகிறார்களே, அந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் மூச்சுக்குழாயோடு நின்றுவிடுவதில்லை. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே உடலின் மொத்த ரத்தமும் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை நுரையீரலுக்குள் போய்வருகிறது. பீடிப் புகையோ, சீமைக்கருவேல விறகும் வரட்டியும் எரிந்த அடுப்புப் புகையோ கிளப்பிவிட்ட அழற்சி அங்கே ஓயாமல் நடக்கிறது. வெள்ளணுக்கள் கக்கும் சூப்பர் ஆக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்னும் வீரியமான ஆக்ஸிஜன் சேர்மங்கள் பக்கத்தில் ஓடும் சிவப்பணுவையும் விடுவதில்லை.

சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. சவ்வுக்கு வேண்டிய கொழுப்பைப் புதிதாகத் தயாரிக்கவும் அதற்குத் தெரியாது. ஏறத்தாழ 120 நாள் வாழ்க்கையில் பட்ட அடியில் பெரும்பகுதி அதன் மேலேயே தங்கிவிடும். சவ்வில் இருக்கும் அராக்கிடானிக் அமிலம், மீனில் அதிகமுள்ள டி.எச்.ஏ. போன்ற கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். ஆக்ஸிஜன் முதலில் கைவைப்பது அங்கேதான். ஒரு மூலக்கூறு பழுதானால் அது அடுத்ததைக் கெடுக்கும். திறந்து வைத்த செக்கெண்ணெய் காறிப்போவதும் இதே வேதிவினைதான். உள்ளே ஹீமோகுளோபினின் இரும்பு வேறு இருப்பதால் வினை இன்னும் வேகமாகிறது. வைட்டமின் ஈ, குளுட்டாதயோன், கேட்டலேஸ் எல்லாம் தடுத்துப் பார்க்கும். தாக்குதல் கூடும்போது ஈடுகொடுக்க முடியாது.

சவ்வு விறைத்துப்போவதுதான் நடைமுறைச் சிக்கல். 7, 8 மைக்ரான் அகலமுள்ள அணு, அதைவிடக் குறுகிய நுண்குழாயில் வளைந்து நுழைய வேண்டும். ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் சிலருக்குச் சிவப்பணு எண்ணிக்கை கூடி ரத்தமும் கெட்டியாகியிருக்கும். ஏற்கெனவே திணறும் இதயத்தின் வலதுபக்கம் அந்தச் சுமையையும் சேர்த்துத் தள்ள வேண்டும்.

இந்தச் சேதத்தை அளக்க அதிகம் பயன்படுவது எம்.டி.ஏ. சோதனை. கொழுப்பு சிதைந்து வரும் மலோன்டைஆல்டிஹைடு (எம்.டி.ஏ.), தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சூடுபட்டால் இளஞ்சிவப்பாகும். அந்த நிறத்தை 532 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்பார்கள். முறை எளிது, கெடுவது அதைவிட எளிது. வரும் எண்ணில் பாதி நோயாளியுடையது, பாதி டெக்னீசியன் கையுடையது என்றுகூடச் சொல்லலாம்.

சோதனை செய்பவர்களுக்குச் சொல்வது இது: ரத்தத்தை, உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் 3 மில்லி எடுங்கள். உறையவிட்டுச் சீரமாக எடுக்கக்கூடாது. உறையும்போது தட்டணுக்களே எம்.டி.ஏ.வை உண்டாக்கிவிடும். சுழற்றிப் பிரிக்கும் குளிர்ந்த சென்ட்ரிஃபியூஜில் நிமிடத்துக்கு 3000 சுற்றில் 10 நிமிடம் ஓட்டி, பிளாஸ்மாவோடு நடுவில் வெளுப்பாக நிற்கும் படலத்தையும் முழுதாக உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். வெள்ளணுவும் தட்டணுவும் அதில்தான் இருக்கின்றன. பிறகு 0.9 சதவீத குளிர்ந்த உப்புநீரில் மூன்று முறை கழுவுங்கள். கொதிநீர்த் தொட்டியில் வைக்கும் முன் கொழுப்பு காறாமல் தடுக்கும் பி.எச்.டி. (பியூட்டிலேட்டட் ஹைட்ராக்ஸி டொலுவின்) சேர்க்கத் தவறினால் குழாய்க்குள்ளேயே புதிதாகக் கொழுப்பு சிதைந்து எண் ஏறும். பிலிருபினும் சர்க்கரைகளும்கூட நிறம் காட்டும். ஆகவே மஞ்சள்காமாலைக்காரரின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி இருந்தால் அதில் பார்ப்பது நல்லது.

விடையை ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இத்தனை நானோமோல் என்றே எழுத வேண்டும். நம் பக்கத்துப் பெண்களில் பலருக்கு ரத்தசோகை. ஆக்ஸிஜன் குறைந்த நோயாளிகள் சிலருக்கோ ஹீமோகுளோபின் கூடுதல். மில்லிக்கு இத்தனை என்று எழுதினால் இருவரையும் ஒப்பிடவே முடியாது.

டெல்டாவில் இன்னொரு தொல்லை, தூரம். வேதாரண்யத்திலோ முத்துப்பேட்டையிலோ எடுத்த ரத்தம் அக்னி நட்சத்திர வெயிலில் பஸ்ஸில் தஞ்சாவூர் வந்து சேர்வதற்குள் அணுக்கள் உடைந்து மேல்நீர் சிவந்துவிடும். அந்தக் குழாயைத் தூக்கிப் போடுவதே நேர்மை. எடுத்த இடத்திலேயே பிரித்துக் கழுவி அனுப்பலாம். முடியாவிட்டால் ஐஸ் பெட்டியில், குழாய்க்கும் ஐஸுக்கும் நடுவே துணி சுற்றி வையுங்கள். நேராக ஐஸில் பட்டு உறைந்தாலும் அணு உடையும். சேமிப்பதென்றால் மைனஸ் 80 டிகிரி. சாதாரண மைனஸ் 20 ஃப்ரீசரில் சில வாரங்களிலேயே இந்தக் கொழுப்பு அமிலங்கள் சிதையத் தொடங்கும், கரண்ட் போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒப்பீட்டுக்கு யாரை எடுக்கிறோம் என்பதில்தான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. நாகப்பட்டினம் கடற்கரையில் வாரம் நாலு நாள் மத்தி சாப்பிடுகிறவரின் சவ்வில் டி.எச்.ஏ. கூடுதலாக இருக்கும், மன்னார்குடியில் சைவம் சாப்பிடுகிறவருக்குக் குறைவாக இருக்கும். அது நோயின் வேறுபாடு அல்ல, சாப்பாட்டின் வேறுபாடு. சவ்வு கடந்த மூன்று நான்கு மாத உணவைக் காட்டுவதால், நோயில்லாதவர்களையும் அதே ஊரிலிருந்து, முடிந்தால் அதே தெருவிலிருந்தே எடுக்க வேண்டும். சர்க்கரை நோய், புகையிலை போடும் பழக்கம், அன்று காலை பீடி பிடித்தாரா, சமீபத்தில் மூச்சிரைப்பு முற்றியதா என எல்லாவற்றையும் சீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நோயாளிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது ஆராய்ச்சிக்கான சோதனை. காசு கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நோயை உறுதி செய்வது ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சு ஊதும் சோதனைதான். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து இழுத்த பிறகு, முதல் விநாடியில் ஊதும் காற்று மொத்தமாக ஊதியதில் 0.70 பங்குக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது. எம்.டி.ஏ. கூடியிருக்கிறது என்று யாராவது வைட்டமின் ஈ மாத்திரையை மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்தால், அந்தப் பணத்தை இன்ஹேலருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் வையுங்கள். ஓய்வில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு 88 சதவீதமோ அதற்குக் கீழோ நிலைத்து நிற்பவருக்கு, டாக்டர் உறுதிசெய்தபின், வீட்டிலேயே தினமும் குறைந்தது 15 மணி நேரம் ஆக்ஸிஜன் தேவைப்படும். அப்போது அந்த வீட்டுக்குள் பீடியோ விறகடுப்போ எரியவே கூடாது. ஆக்ஸிஜன் குழாய் பக்கத்தில் நெருப்பு உயிருக்கே ஆபத்து.