லண்டனில் கலை பார்க்க ஏற்ற நாள் வெள்ளிக்கிழமை

ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ குடியேறி ஐந்தாறு வருடம் ஆன பிறகும், நம்மவர்களில் பலர் லண்டனின் நடுப்பகுதிக்குப் போவது ஊரிலிருந்து யாராவது வந்தால் மட்டும்தான். அதுவும் சனிக்கிழமை மத்தியானம். பிக் பென் முன்னால் ஒரு படம், கூட்டத்தில் நசுங்கி ஒரு மியூசியம், கடைசி நேரத்தில் கிடைத்த விலைக்கு வாங்கித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு நாடகம். இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது என்ற முடிவோடு வீடு திரும்புகிறார்கள். சனிக்கிழமையை விட்டு வெள்ளிக்கிழமைக்கு மாறிப் பாருங்கள், நன்றாகவே கட்டுப்படியாகும்.

முதலில் மியூசியம். 2001 டிசம்பரிலிருந்து தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் கூடங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும். போடாமல் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். காசு கேட்பது சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும். வெள்ளிக்கிழமைகளில் பிரிட்டிஷ் மியூசியம் இரவு 8:30 வரையும், நேஷனல் கேலரி 9 வரையும், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் 10 வரையும் திறந்திருக்கும். பள்ளிக்கூடக் கூட்டங்கள் கிளம்பிய பிறகு, ஐந்தரை மணிக்கு மேல் போனால் நின்று பார்க்க இடம் கிடைக்கும். ட்யூப் எனப்படும் சுரங்க ரயில் கட்டணத்திலும் ஒரு சலுகை உண்டு. மாலை 4 முதல் 7 வரை கட்டணம் கூடிய பீக் நேரம் என்றாலும், வெளி வலயத்திலிருந்து நகரின் நடுவான முதல் வலயத்துக்குள் வருகிறவர்களிடம் ஆஃப் பீக் கட்டணம்தான் வாங்குகிறார்கள். திரும்பும்போது 7 மணி தாண்டியிருந்தால் அதுவும் ஆஃப் பீக்தான். 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களோடு வந்தால் இலவசம்.

பிரிட்டிஷ் மியூசியம் முழுவதையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் கால்தான் வலிக்கும். 33ஆம் அறைக்கு நேராகப் போங்கள். சோழர் காலத்து நடராஜர் அங்கே இருக்கிறார். அதே கூடத்தில் இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த எட்டாம் நூற்றாண்டுச் சிலை, பௌத்தப் பெண் தெய்வமான தாரை, நிற்கிறது. வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசிய அதன் உயரம் 143 செ.மீ. 1830இல் மியூசியத்துக்கு அதைக் கொடுத்தவர் கண்டி இராச்சியம் வீழ்ந்தபோது ஆளுநராக இருந்த பிரவுன்ரிக். பக்கத்திலுள்ள 33ஏ அறையில் அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். அவற்றின் இன்னொரு பெரும்பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதால், சென்னைக்காரர்களுக்கு இந்த அறை பாதி தெரிந்த இடம்தான். சில கூடங்களை முன்னறிவிப்பில்லாமல் மூடிவைப்பது உண்டு. கிளம்பும் முன் மியூசியத்தின் இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். சக்கரம் வைத்த பெட்டியோடு உள்ளே விடமாட்டார்கள். ஹீத்ரோவிலிருந்து விருந்தாளியை நேராக இங்கே அழைத்துவருவது வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சவுத் கென்சிங்டன். நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், சயன்ஸ் மியூசியம் இரண்டிலும் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட இடம் உண்டு. புளிச்சாதம் எடுத்துப் போகலாம்.

நாடகத்துக்கு வருவோம். பணம் அதிகம் வீணாவது இங்கேதான், காரணமும் எளிது: நாடகத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், நாற்காலியைத் தேர்ந்தெடுப்பதில்லை. லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டின் அரங்குகளில் பெரும்பாலானவை விக்டோரியா, எட்வர்டு காலத்துக் கட்டடங்கள். தரைத்தளம் ஸ்டால்ஸ், அதன் மேல் டிரெஸ் சர்க்கிள், அதற்கும் மேல் அப்பர் சர்க்கிள், சிலவற்றில் உச்சியில் பால்கனி. ஸ்டால்ஸின் பின்வரிசைகளில் மேல்மாடி குறுக்கே வந்து மேடையின் மேற்பகுதியை வெட்டிவிடும். மேல்மாடிகளின் முதல் வரிசையில் பாதுகாப்புக் கம்பி சரியாகப் பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே வரும். அவர்களோடு போனால் இரண்டாம் மூன்றாம் வரிசையே நல்லது. உயரம் கூட்டும் மெத்தையைப் பல அரங்குகளில் சும்மா தருவார்கள், ஆனால் பாதுகாப்புக் கருதிச் சிலவற்றில் ஸ்டால்ஸுக்கு மட்டும். முழங்கால் வலியுள்ள அம்மா அப்பாவுக்கு மேல்மாடி எடுக்காதீர்கள். படிகள் செங்குத்து, பலவற்றில் லிஃப்ட் இல்லை. சில அரங்குகளில் மேல்மாடிக்கு வாசலே பக்கத்துச் சந்தில்தான். பணக்காரரும் ஏழையும் ஒரே வாசலில் உரசிக்கொள்ளக் கூடாது என்று அந்தக் காலத்தில் கட்டியது. ரெஸ்ட்ரிக்டட் வியூ, அதாவது மேடை மறைக்கும் இடம், என்று போட்டிருந்தால் தூணா, கம்பியா, பக்கவாட்டா என்று விசாரியுங்கள். கம்பி என்றால் சமாளிக்கலாம், தூண் என்றால் விட்டுவிடுங்கள். பார்வையாளர்கள் தங்கள் இருக்கையிலிருந்து எடுத்த படங்களைத் தொகுத்து வைத்திருக்கும் இணையதளங்கள் இதற்குப் பெரிய உதவி.

இணையத்தில் நாடகத்தின் பெயரைத் தேடினால் முதலில் வருவது மறுவிற்பனைக்காரர்களின் விளம்பரம். அதைத் தாண்டி அரங்கின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். லெஸ்டர் சதுக்கத்தில் இருக்கும் டிகேடிஎஸ் சாவடியில் அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளுக்கும் தள்ளுபடி டிக்கெட் கிடைக்கும். சதுக்கத்தைச் சுற்றி அதேபோல் பலகை மாட்டிய கடைகள் வேறு. அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நேஷனல் தியேட்டர் வெள்ளிக்கிழமை பகல் 1 மணிக்கு அடுத்த வார நாடகங்களுக்கான மலிவு டிக்கெட்டுகளை இணையத்தில் விடும். விலை 10 பவுண்ட். முன்னதாகவே கணக்குத் திறந்து, கார்டு விவரத்தோடு வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் கிடைக்கும்; ஒன்றேகாலுக்கு நுழைந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகஸ்டில் கிட்ஸ் வீக் திட்டத்தில், முழு விலை கொடுக்கும் பெரியவர் ஒருவரோடு 17 வயது வரையுள்ள ஒரு பிள்ளைக்கு இலவசம். வாரம் என்று பெயர்தான், மாதம் முழுக்க நடக்கும். விற்பனை கோடைவிடுமுறைக்கு முன்பே தொடங்கிவிடும்.

ஷேக்ஸ்பியர் குளோப் தனி ரகம். 1997இல் திறந்த, கூரையில்லா முற்றம் கொண்ட அரங்கு. நின்று பார்க்க 5 பவுண்டிலிருந்து டிக்கெட் உண்டு. மழை பெய்தாலும் நாடகம் நிற்காது. குடை விரிக்கக் கூடாது, மழைக்கோட்டு போடலாம். நாடகம் நடக்கும்போது தரையில் உட்காரவும் விடமாட்டார்கள். முன்னதாகவே போய் மேடை விளிம்பில் கையூன்றி நிற்கிறவர் பாக்கியசாலி.

எங்கே போனாலும் நேரம் முக்கியம். ஏழரை என்றால் ஏழரை. தாமதமாக வருகிறவர்களை ஒரு காட்சி முடியும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள், நம்மூர்க் கச்சேரி மாதிரி நடுவில் புகுந்து ‘கொஞ்சம் தள்ளுங்க’ எனச் சொல்ல முடியாது.

கச்சேரி என்றதும் ராயல் ஆல்பர்ட் ஹால். 1895இல் தொடங்கிய, ப்ராம்ஸ் (Proms) எனப்படும் மேற்கத்தியச் செவ்வியல் இசைவிழா, ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை அங்கே நடக்கிறது. நிற்கும் டிக்கெட்டுகளில் பெரும்பகுதியை அன்று காலையில்தான் இணையத்தில் விடுவார்கள். அண்மை ஆண்டுகளில் விலை 8 பவுண்ட். அரினா என்பது மேடைக்கு நேர் முன்னால், கேலரி உச்சியில். கால் வலித்தால் கேலரி எடுங்கள், பலர் அங்கே துண்டு விரித்துப் படுத்தே கேட்கிறார்கள். விக்மோர் ஹாலில் 35 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பல கச்சேரிகளில் 5 பவுண்ட்தான். சிறிய அரங்கு, ஒலி அவ்வளவு துல்லியம். ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டக் கை பரபரக்கும். இசைக்குழுவை நடத்துகிறவர் கையைக் கீழே இறக்கும்வரை பொறுங்கள். தொடையில் தாளம் போடுவது, ‘பலே’ சொல்வது எல்லாம் இங்கே பக்கத்துக்காரருக்குத் தொந்தரவு. அதற்கு அக்டோபரில் பார்பிகனில் நடக்கும் தர்பார் விழா இருக்கிறது, கர்நாடக இசையும் உண்டு. வருடம் முழுக்க வெஸ்ட் கென்சிங்டனில் இந்தியக் கலை மையமான பாரதிய வித்யா பவனும் இருக்கிறது.

வீடு திரும்புவதை டிக்கெட் வாங்கும் முன்பே பாருங்கள். வெள்ளி, சனி இரவுகளில் சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன், பிக்கடில்லி, விக்டோரியா ஆகிய ஐந்து வழித்தடங்களில் விடிய விடிய ட்யூப் ஓடும். டூட்டிங்காரர்களுக்கும் வெம்ப்ளி பார்க்கில் இறங்குகிறவர்களுக்கும் கவலையில்லை. ஈஸ்ட்ஹாம் போகும் டிஸ்ட்ரிக்ட், ஹாரோ போகும் மெட்ரோபாலிட்டன் இரண்டும் இந்தப் பட்டியலில் இல்லை. கடைசி வண்டியை விட்டால் ஈஸ்ட்ஹாம்காரர்கள் ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை ட்யூபில் வந்து, அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். மில்டன் கீன்ஸ், லூட்டன் பக்கம் இருப்பவர்கள் இரவுக் காட்சியை விட்டு, வாரநாள் பகல் இரண்டரை மணிக் காட்சிக்கு டிக்கெட் எடுப்பது மேல்.