டிஸ்சார்ஜ் சீட்டில் காலியாக ஒரு கட்டம்

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரின் டிஸ்சார்ஜ் சீட்டை இன்று பார்த்தேன். மாத்திரை, வேளை எல்லாம் தெளிவு. போன் நம்பர் கட்டம் மட்டும் காலி.

வயிற்றைப் பிசைகிறது.

சென்னை, கொழும்பு உட்பட 5 இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு, 2008-இல் வெளியானது. வீட்டுக்கு அனுப்பும் முன் 1 மணி நேரப் பேச்சு. பிறகு 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்கள், 4, 6, 12, 18-ஆம் மாதங்கள் என போனிலோ நேரிலோ 9 விசாரிப்புகள். அவ்வளவுதான்.

18 மாதத்தில் தற்கொலை மரணம், வழக்கமான சிகிச்சையில் 2.2 சதவீதம், இப்படி விசாரிக்கப்பட்டவர்களில் 0.2.

வார்டு சிஸ்டர்களே, 2 நம்பர் வாங்குங்கள். வீட்டுக்கே ஒரு போன் என்றால் எடுப்பது வேறு யாரோ. தனியாகப் பேச முடிகிற நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

இடையில் தவிப்பவர்களுக்கு அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ்: 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.