எவன் சார் இந்த வேலையைச் செஞ்சது?

வேலூர் சத்துவாச்சாரியில் இருபது வருஷத்து வீடு. மாடியில் 8 அடிக்கு 5 அடி பாத்ரூம். கீழ்ப்போர்ஷன் சீலிங்கில் டீக்கறை மாதிரி ஒரு வட்டம், மாசா மாசம் வளர்கிறது. வீட்டுக்காரர் முடிவெடுக்கிறார்: "டைல்ஸ மட்டும் மாத்திடலாம், நாலு நாள் வேலை."

பிளம்பர் வருகிறார். சுவரைத் தட்டுகிறார், உதட்டைப் பிதுக்குகிறார். "எவன் சார் இந்த வேலையைச் செஞ்சது?" அப்புறம் எலக்ட்ரீஷியன் வந்து அதையே கேட்பார். டைல்ஸ்காரரும் கேட்பார். முன்னால் வந்தவரைத் திட்டாமல் யாரும் உளியைக் கையில் எடுப்பதில்லை. பாதித் திட்டு நியாயம்தான். ஆளாளுக்குத் தனித்தனி நாளில் வந்தால், ஒருத்தர் எதை நினைத்து எங்கே விட்டார் என்று அடுத்தவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே முதல் அடி விழுவதற்கு முன்னால் மூன்று பேரையும் ஒரே நேரத்தில் அந்தப் பாத்ரூமுக்குள் நிறுத்த வேண்டும். சுலபமில்லை. பத்து மணிக்கு போன் போட்டால் "தோ, காட்பாடி பாலத்தாண்ட வந்துக்கினே இருக்கேங்க" என்பார், பின்னாடி அவர் வீட்டு மிக்ஸி ஓடும். குடியாத்தம் பக்கத்து ஆட்கள் என்றால் வைகாசி 1 கெங்கையம்மன் சிரசு திருவிழாவை ஒட்டி நாள் குறிக்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை டிபனோடு கூப்பிட்டால் வருவார்கள். வந்ததும் குழாய், ஹீட்டர், சுவிட்ச், கண்ணாடி எல்லாவற்றையும் சாக்பீஸால் சுவரில் வரைந்து போட்டோ எடுத்துவிட வேண்டும்.

எதற்கு இவ்வளவு கூத்து? தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றி விடுகிற, சுவருக்குள் புதைக்கிற டைவர்ட்டர் ஒன்று போதும் விளக்க. அதன் உடம்பில் எவ்வளவு ஆழம் வரை புதைக்கலாம் என்று கோடு இருக்கும். அந்தக் கணக்கு வெறும் செங்கலிலிருந்து இல்லை, ஒட்டி முடித்த டைல்ஸ் முகத்திலிருந்து. பூச்சு 12 மி.மீ., பசை 4, டைல் 9, ஆக 25 மி.மீ. செங்கலை விட்டு வெளியே வரும். பிளம்பர் இதைக் கேட்காமல் புதைத்தால் கைப்பிடி சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதிகமாக வெளியே விட்டால் மூடித்தட்டு சுவரில் உட்காராமல் காது மாதிரி நிற்கும். நாலரை அங்குலச் சுவராக இருந்தால் டைவர்ட்டரை மறந்துவிடுவது நல்லது. அதில் காடி, அதாவது புதைக்கிற பள்ளம், வெட்டினால் அந்தப்பக்கத்துப் படுக்கையறை தெரியும்.

எலக்ட்ரீஷியன் சமாச்சாரம் சின்னது. 2000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர் இழுக்கும், 2.5 சதுர மி.மீ. வயர் தாங்கும். 3000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் என்றால் 4 சதுர மி.மீ. போட்டுவிடுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் ஹீட்டரே மாட்டக் கூடாது. இதில் பேரம் இல்லை.

ஆளைப் பிடிக்கும்போது போன வாரம் முடித்த பாத்ரூமைக் காட்டினால் மயங்க வேண்டாம், புதுசில் எல்லாமே பளபளப்புதான். இரண்டு வருஷம் ஆனதைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் போகும் துளைமேல் இருக்கிற ஜாலியைச் சுற்றி டைல் வெட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள், கை அங்கே தெரிந்துவிடும். ஒரு ரூபாய்க் காசால் தட்டினால் டொப் டொப்பென்று கேட்கும் இடமெல்லாம் உள்ளே காலி. விட்ரிஃபைட் டைல் தண்ணீரே குடிக்காது, அதைச் சிமெண்டுப் பாலில் ஒட்டினால் பிடிக்காது, பசைதான் வேண்டும். பணம் கட்டம் கட்டமாக. அட்வான்ஸ் எவ்வளவு கனமோ, அடுத்த தரிசனம் அவ்வளவு தள்ளிப்போகும். இரண்டு அறைக்கு நடுவே சுவரை எடுக்கிற ஆசை இருந்தால் மட்டும் மேஸ்திரி பேச்சைக் கேட்காமல் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஒரு பாத்ரூமுக்கு இன்டீரியர் டிசைனர் அதிகம்.

இடிக்கிற அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் முகம் மாறும். பாத்ரூம் தரைக்கு அடியில் பள்ளமாக விட்ட இடத்தில் நிரப்பிய 1 அடிச் செங்கல் ஜல்லியே 40 கன அடி, சுவர்ப் பூச்சும் பழைய டைலுமாக இன்னொரு 14. உடைத்தால் உப்பி 80 கன அடிக்கு வரும், எடை இரண்டரை டன் பக்கம். குட்டியானை மூன்று நாலு நடை அடிக்கும். அந்த வாடகை எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.

பைப் போட்டு, முனைகளை அடைத்து, பம்ப் வைத்து பிரஷர் பார்த்த பிறகே காடியை மூடலாம். அடுத்து வாட்டர்புரூஃப் பூச்சு, சுவரில் 1 அடி ஏற்றி, ஷவர் பக்கம் 6 அடி. காய்ந்ததும் ஜாலியை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி, பென்சிலால் கோடு போட்டு 48 மணி நேரம் விட வேண்டும். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் இதிலும் ஒரு வில்லங்கம். இரண்டாம் நாள் தண்ணீர் இறங்கியிருக்கும். வீட்டுக்காரர் "ஒழுகுது" என்பார், மேஸ்திரி "வெயில் குடிச்சிருச்சு" என்பார், இரண்டுமே சாத்தியம். பஞ்சாயத்துக்கு ஒரு அகலமான பிளாஸ்டிக் டப் போதும். அதிலும் 2 அங்குலம் ஊற்றிப் பக்கத்திலேயே வையுங்கள். டப்பில் இறங்கிய அளவே தரையிலும் இறங்கியிருந்தால் வெயில். தரையில் அதைவிட அதிகமாக இறங்கியிருந்தால் மேஸ்திரி.

டைல்ஸ் கணக்கு: சுற்றளவு 26 அடி, 7 அடி உயரம், 182 சதுர அடி. கதவுக்கு 17 கழித்தால் 165. 2 அடிக்கு 1 அடி டைல் என்றால் 83, வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 91. ஒரே பேட்ச் நம்பராக மொத்தமாக எடுத்துவிடுங்கள். நாலு குறைகிறதே என்று அடுத்த மாசம் போனால் அதே பெயரில் வேறு வெள்ளை கிடைக்கும். தரையில் வாட்டம் அடிக்கு அரைக்கால் அங்குலம், 8 அடிக்கு 1 அங்குலம். ஒரு சொம்புத் தண்ணீரை ஜாலிக்கு எதிர்மூலையில் ஊற்றிப் பார்த்த பின்தான் டைல்ஸ்காரருக்குக் காசு.

இந்த வாட்டத்தில்தான், அந்த ஞாயிற்றுக்கிழமை டிபனுக்குக் கூப்பிடாத ஒரு ஆள் விட்டுப்போகிறார். ஜாலிப் பக்கத்தை இறக்காமல் வாசல் பக்கத்தை ஏற்றி வாட்டம் கொடுத்துவிடுவார் டைல்ஸ்காரர், அவருக்கு அது சுலபம். நாலு நாள் வேலையின் இருபத்தாறாம் நாள், பழைய கதவைத் திரும்ப மாட்ட ஆசாரி வருவார். கதவு பாதி திறந்து தரையில் உரசி நிற்கும். குனிந்து பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார்.

"எவன் சார் தரைய இவ்ளோ ஏத்தினது?"