செவ்வழியில் மாட்டிக்கொண்ட யாழ்

இல்லாத ஒரு பிழையை மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன், நான் எழுதிக்கொண்டிருக்கும் ‘பாணன்’ என்ற கணினி ஆட்டத்தில். நேற்று ராத்திரி அது தீர்ந்தது. தீர்த்தது நான் இல்லை, அத்தை. சூட்டோடு எழுதிவைக்கிறேன்.

பாணன் ஆட்டம் எந்த நிலையில் நின்றது என்பதற்கு ஒரு வரி: கற்பனை மலைநாடு, பேய்கள் நிறைய, நாயகன் கையில் வாள் கிடையாது, சீறியாழ்தான். பாணன் வருகிற ஆட்டங்களில் எனக்குப் பழைய குறை ஒன்று உண்டு. வாத்தியம் வெறும் அலங்காரமாகத் தோளில் தொங்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு துணுக்கு இசை, தலைக்கு மேல் ‘கூடுதல் 2’, அவ்வளவுதான். 1990இல் வந்த லூம் என்ற கணினி ஆட்டம் இதை அழகாகச் செய்தது: நான்கு ஸ்வரம் வாசித்தால் ஒரு மந்திரம், அதையே திருப்பி வாசித்தால் அதன் எதிர்வினை. அந்த அளவுக்காவது வாசிப்பவரின் கைக்கு வேலை இருக்க வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

மந்திரங்களை நான் யோசிக்கவே தேவைப்படவில்லை, பழைய பாட்டுகளிலேயே கொட்டிக்கிடக்கின்றன. பாலைப் பண்ணைக் கேட்டு வழிப்பறிக் கள்வர் கையிலிருந்த ஆயுதத்தைக் கீழே போடுகிறார்கள் (பொருநராற்றுப்படை). தினைக்காவலுக்கு இருக்கும் கொடிச்சி குறிஞ்சிப் பண் பாட, தினை தின்ன வந்த யானை நின்றபடியே தூங்கிவிடுகிறது (அகநானூறு 102). புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்க வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, காஞ்சிப் பண் பாடுகிறார்கள் (புறநானூறு 281). ஆயுதம் பறிக்க ஒன்று, தூங்க வைக்க ஒன்று, காயம் ஆற்ற ஒன்று. வேப்பிலையும் வெண்கடுகும் பையில் இருந்தால்தான் காஞ்சி பலிக்கும் என்று வைத்திருக்கிறேன். இதற்குமேல் ஆட்ட வடிவமைப்பாளனுக்கு என்ன வேண்டும்?

யாழில் இன்னொரு வசதி, அது வீணை மாதிரி மெட்டு வைத்த வாத்தியம் இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம். ஏழு நரம்புக்கு ஏழு விசை, விரல் தானாகப் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் மலிவு விசைப்பலகை வாங்காதீர்கள். என்னுடையதில் குறிப்பிட்ட மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் மூன்றாவது பதிவதே இல்லை. நிரலில் கோளாறு என்று அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

சரி, ஒலி. பதிவு செய்த துணுக்குகள் வேண்டாம், நரம்பை நிரலிலேயே அதிர வைக்கலாம் என்று 1983இல் வந்த கார்ப்ளஸ்–ஸ்ட்ராங் முறையை எடுத்தேன். கொஞ்சம் இரைச்சலை ஒரு வளையத்தில் சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் பக்கத்து எண்களைச் சராசரி எடுத்தால், நிஜமாகவே நரம்பைச் சுண்டிய சத்தம் வரும். முதல் தடவை கேட்டபோது புல்லரித்தது. இரண்டாவது நிமிடம் பல் கூசியது, ஏனென்றால் சுருதி சேரவில்லை.

வளையத்தின் நீளம் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும் என்பதுதான் காரணம். நொடிக்கு 44100 மாதிரி (ஒலியைக் குறிக்கும் எண்கள்), 880 ஹெர்ட்ஸ் நரம்பு என்றால், சராசரி எடுப்பதே அரை மாதிரி தாமதம் என்பதால், வளையம் 49.6 இருக்க வேண்டும். 50 என்று வைத்தால் கிடைப்பது 873 ஹெர்ட்ஸ், அதாவது 13 சென்ட் (ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட்) இறக்கம். கீழ் நரம்புகளில் இது தெரியாது. மேலே போகப் போக ஒரு நரம்பு ஏறும், அடுத்தது இறங்கும். இந்த லட்சணத்தில், ஆட்டம் ஓடும் கோடோ இயந்திரத்தின் நிரல்மொழியான ஜிடிஸ்கிரிப்ட் திணறுகிறதே என்று மாதிரி வேகத்தை 22050ஆகக் குறைத்தேன். இறக்கம் 30 சென்ட் ஆனது. வேகத்துக்காகச் சுருதியை விற்ற கதை.

கடைசியில் ஒலிப் பகுதி முழுவதையும் சி பிளஸ் பிளஸுக்கு மாற்றி, வேகத்தை மறுபடி 44100க்கு ஏற்றி, மிச்சமிருக்கும் பின்னத் தாமதத்தை ஒரு ஆல்பாஸ் வடிகட்டியிடம் (ஒலியைக் குறைக்காமல் தாமதத்தை மட்டும் சேர்ப்பது) கொடுத்தேன். நேரியல் இடைக்கணிப்பையும் முயன்றேன். அது மேல்தொனிகளைத் தின்றுவிடுகிறது, நரம்பு கம்பளி போர்த்திய மாதிரி ஒலிக்கிறது. ஆல்பாஸ்தான் சரி. இன்னொன்று, கோடோவில் ஒலி உருவாக்கியின் இடையகம், அதாவது ஒலியை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் இடம், இயல்பாக அரை நொடி நீளம். விசையை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடித்து வரலாம். 0.05க்கு இறக்கினேன், ஜிடிஸ்கிரிப்டில் பொரிந்த ஒலி சி பிளஸ் பிளஸில் பொரியவில்லை. அப்படியும் ஏதோ தாமதிக்கிறதே என்று மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் காதில் இருப்பது ப்ளூடூத் என்று உறைத்தது. ரிச்சி தெருவில் கம்பி வைத்த சாதாரண இயர்போன் ஒன்று வாங்கியதும் அந்தப் பிரச்சினையும் போனது. இசை சம்பந்தப்பட்ட எதையும் ப்ளூடூத்தில் சோதிக்காதீர்கள்.

இனிதான் முக்கியமான இடம்.

பண்களுக்கு அடிப்படையாக ஏழு பாலைகளை, அதாவது பழந்தமிழ் இசையின் ஏழு ஸ்வர வரிசைகளை, வைத்திருக்கிறேன். ச, ரி, க, ம, ப, த, நி என்பவற்றின் பழைய பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்; ஏழு நரம்புக்கும் இவையே பெயர். நரம்புகளைத் தொட வேண்டாம், எது குரல் என்பதை மட்டும் நகர்த்தினால் போதும். குரல் நரம்பே குரல் என்றால் செம்பாலை, அதாவது அரிகாம்போதி. துத்தத்தைக் குரலாக்கினால் படுமலைப்பாலை, நடபைரவி. கைக்கிளையை ஆக்கினால் செவ்வழிப்பாலை. அப்படியே மேற்செம்பாலை வரை. சீறியாழில் ஏழே நரம்பு இருப்பதால் மேலே நகர நகர மேல்ஸ்தாயி தீர்ந்துவிடும். அதனால் ஆட்டத்தில் சீறியாழுக்கு முதல் மூன்று பாலை மட்டும், ஏழும் வேண்டுமென்றால் 14 நரம்புச் சகோடயாழ், பிறகு 21 நரம்புப் பேரியாழ். கருவி தரம் உயர்கிற ஏணி இசையிலிருந்தே வந்துவிட்டது. இதற்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

(பண்ணும் பாலையும் ஒன்றல்ல என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தெரியும். விளையாட்டுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன்.)

அக்கா மகனிடம் கொடுத்தேன். மூன்று பாலையையும் மாற்றி மாற்றி வாசித்துவிட்டு, “எல்லாம் ஒரே பாட்டுதான மாமா?” என்றான். அடி வயிற்றில் விழுந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. அதே ஏழு நரம்பு. குரல் எது என்று என் நிரலுக்குத் தெரியும், அவன் காதுக்கு எப்படித் தெரியும்? பின்னால் ஆதார சுருதி நின்றால்தானே தெரியும்! உடனே ஒரு சுருதியைச் சேர்த்தேன், குரலும் அதன் ஒன்றரை மடங்கும், ச–ப. குரல் நகர்ந்தால் சுருதியும் நகரும். அந்தக் கணமே செம்பாலையும் படுமலையும் இரண்டு வேறு ஊர்களாகிவிட்டன. பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மூன்றாவதாகச் செவ்வழிக்குப் போனான். அங்கே நாராசம்.

சும்மா துக்கமாக ஒலிப்பது இல்லை. செவ்வழி துக்கமாகத்தான் ஒலிக்க வேண்டும்; பரணர் மாலையில் சீறியாழில் செவ்வழி பண்ணிப் பாட, பேகனின் மனைவி அழுதுகொண்டு நின்றதாகப் புறநானூற்றில் இருக்கிறது. என்னுடையது அழ வைக்கவில்லை, உறுமியது. தார நரம்பைத் தொடும்போதெல்லாம் அடியில் டர்ர்ர் என்று ஒரு நடுக்கம். நான் என்ன நினைப்பேன்? ஆல்பாஸ்தான் குற்றவாளி. ஒவ்வொரு நரம்பாக அளந்தேன், எல்லாம் ஒரு சென்டுக்குள் இருந்தது. வடிகட்டியின் குணகத்தைத் திரும்ப எழுதினேன். இடையகத்தைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் செவ்வழிக்கு மட்டும் சுருதியின் சத்தத்தைக் குறைத்து, பூசி மெழுகிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம் என்று வந்துவிட்டேன்.

நேற்று ராத்திரி ஸ்பீக்கரில் சோதித்துக்கொண்டிருந்தேன். அத்தை கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் எட்டு வருடம் வீணை கற்றவர்.

“என்னடா அது, தகரத்துல ஆணியால கீறற மாதிரி?”

“நிரல்ல ஏதோ தப்பு அத்தை. பிடிபடல.”

“ஒவ்வொன்னா வாசி. கீழேருந்து.”

வாசித்தேன். கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டே கூடவே மெல்லப் பாடினார். ச, ரி, க, ம, அடுத்ததில் நின்றுவிட்டார். “மறுபடி அது.” மறுபடி தட்டினேன். “இது பஞ்சமம் இல்லடா. இன்னொரு மத்திமம். உன் பாட்டுல பஞ்சமமே கெடையாது, சுருதியில மட்டும் எதுக்குப் பஞ்சமத்தை மீட்டற? பஞ்சமம் இல்லாத ராகத்துக்குத் தம்புராவுல அந்தத் தந்திய மத்திமத்துக்கு எறக்கிடுவாங்க.”

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். குரல் நரம்பு 220 என்றால் கைக்கிளை 277 ஹெர்ட்ஸ். அது குரலானதும் சுருதியின் பஞ்சமம் 416. பக்கத்தில் நிற்கும் தார நரம்பு 392. நடுவில் 24 ஹெர்ட்ஸ், அதுதான் உறுமல். நிரல் ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்தது. செவ்வழியில் இரண்டு மத்திமம் என்பதை நானே என் குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டு வைத்திருக்கிறேன்!

திருத்தம் ஒரே வரி. பாலை செவ்வழி என்றால் 3/2க்குப் பதில் 4/3. சுருதியின் மேல்தந்தி 370க்கு இறங்கி விளரி நரம்போடு ஒட்டிக்கொண்டது. வாசித்தேன். கூடத்திலிருந்து சத்தமே இல்லை. எட்டிப்பார்த்தால் அத்தை கீரையை மறந்து உட்கார்ந்திருந்தார். “இப்ப நல்லா இருக்கு. அந்த மேல் மத்திமத்துல ரொம்ப நேரம் நிக்காதே” என்றார். அதையும் ஆட்டத்தில் சேர்த்துவிட்டேன்: செவ்வழியில் தார நரம்பில் அதிகம் தங்கினால் கேட்பவர்கள் அழுவதற்குப் பதில் எரிச்சலடைவார்கள்.

இந்தச் சூட்டில் யாழின் உறுப்புகளையும் தொட்டுவிட்டேன். பத்தர் (குடம்), போர்வை (அதை மூடும் தோல்), கோடு (வளைந்த தண்டு), திவவு (நரம்பைக் கட்டும் வார்), ஆணி எல்லாம் மாற்றக்கூடிய பொருள்கள். போர்வை தளர்ந்தால் ஒலி சீக்கிரம் மடியும், நிரலில் வளையப் பெருக்கம் 0.996லிருந்து 0.99க்கு. திவவு நழுவினால் நரம்பு இறங்கும். முதலில் இதைச் சண்டை நடுவே தற்செயலாக நழுவும்படி வைத்திருந்தேன், அக்கா மகன் விசைப்பலகையைத் தூக்கி எறியப் பார்த்தான். இப்போது மழையில் நனைந்தால் மட்டும் நழுவும்.

அப்புறம், சென்னையில் யாழை மறுபடி செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்று வாங்கி நிஜ ஒலியோடு ஒப்பிட ஆசை. விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாகத் திரும்பி வந்தேன். போனஸ் வந்தால் பார்க்கலாம்.

அடுத்து நரம்புகளை இப்போதிருக்கும் சம அளவு சுருதியிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் பஞ்சமம் எடுத்துக்கொண்டே போகும் ச–ப முறைக்கு மாற்ற வேண்டும். அதை முடிக்காமலேயே மனசு தோல்கருவிக்குத் தாவிவிட்டது. விறலி காவடித் தண்டின் ஒரு பக்கம் பதலையும் மறுபக்கம் சிறுமுழவும் தொங்கச் சுமந்து வருகிற காட்சி ஒன்று புறநானூற்றில் உண்டு. பொருள் பையே அப்படி இருந்தால் என்ன? கட்டம் கட்டமான பை வேண்டாம், இரண்டு முனையுள்ள தண்டு, ஒரு பக்கம் பாரம் கூடினால் நடை சாயும். ராத்திரி ஒரு மணிக்குப் பாதி வரைந்துவிட்டுத்தான் படுத்தேன்.

முதல் கட்டத்தில் முடிக்காமல் கிடப்பது ஒன்றே ஒன்று. படுமலையில் குறிஞ்சி வாசித்தால் யானை தூங்குகிறது, அது அருமையாக வேலை செய்கிறது. தூங்கிய யானையை எழுப்ப நான் இன்னும் எதுவும் எழுதவில்லை. காலையில் அக்கா மகன் மலைப்பாதையின் இடுக்கான வளைவில் வைத்து அதைத் தூங்க வைத்துவிட்டான். பாதையை அடைத்துக்கொண்டு அது இன்னும் நிற்கிறது, பாணன் இந்தப் பக்கம், ஊர் அந்தப் பக்கம்.